கூடைப் பாம்பின் பட்டினி

நாகபஞ்சமி வந்தால் மும்பையில் பாம்புக் கூடைகளும் வந்துவிடும். வன இலாகாவின் கெடுபிடியால் முன்பு இருந்த கூட்டம் இப்போது இல்லை. ஆனாலும் கோவில் வாசலிலும், குடிசைப் பகுதிச் சந்துகளிலும் ஒன்றிரண்டு கூடைகள் எட்டிப் பார்க்கத்தான் செய்கின்றன. பாம்பின் தலையில் மஞ்சள் குங்குமம். முன்னால் ஒரு கிண்ணம் பால். "குடிக்கிறது பார்!" என்று பிள்ளைகளைத் தூக்கிக் காட்டுகிறார்கள். தட்டில் காசு விழுகிறது.

பாம்பு குடிப்பது உண்மைதான். ஏன் குடிக்கிறது?

பாம்பு, குட்டிக்குப் பால் கொடுத்து வளர்க்கும் இனம் அல்ல. பாலைச் செரிக்கும் வயிறும் அதற்குக் கிடையாது. ஆனால் பல நாள் தண்ணீர் காட்டாமல் கூடைக்குள் அடைத்து வைத்தால் எதைக் கொடுத்தாலும் குடிக்கும். அந்தத் தாகத்தைத்தான் பக்தர்கள் அருள் என்று நினைக்கிறார்கள். பால் நுரையீரலில் இறங்கிவிட்டால் நிமோனியா கண்டு செத்துப் போகும். கூடைப் பாம்புக்கு விஷப்பல்லைப் பிடுங்கி விடுவதும் உண்டு. வாயைத் தைத்து விடுகிற கொடுமையும் உண்டு. அப்படிப்பட்ட பாம்பின் முன்னால் எலியையே விட்டாலும் அது எப்படித் தின்னும்?

சரி, ஒரு பாம்புக்கு எத்தனை நாளைக்கு ஒரு முறை இரை வேண்டும்? குட்டி என்றால் வாரம் ஒரு முறை. வளர்ந்த பாம்புக்கு இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒரு எலி போதும். பெரிய இரையை விழுங்கிய மலைப்பாம்பு மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். காரணம் எளிது. மனிதன் சாப்பிடும் சாப்பாட்டில் பெரும் பங்கு உடம்புச் சூட்டைக் காப்பாற்றவே செலவாகிறது. பாம்பு அந்தச் சூட்டை வெயிலில் இருந்து வாங்கிக் கொள்கிறது.

இந்த இயற்கைதான் அதற்கு எமனாகவும் ஆகிவிட்டது. நாய்க்கு ஒரு வேளை சோறு போடாவிட்டால் தெருவே கேட்கக் குரைக்கும். மாடு கத்தும். பாம்புக்குக் குரல் ஏது? ஒரு மாதம் பட்டினி கிடந்த பாம்பும், நேற்று இரை தின்ற பாம்பும் கூடைக்குள் ஒன்று போலவே சுருண்டு கிடக்கும். முதுகெலும்பு துருத்திக் கொண்டு தெரியும்போது காரியம் மிஞ்சி இருக்கும்.

கண்ணாடிப் பெட்டியில் பாம்பு வளர்க்கும் ஆசையும் இப்போது நகரங்களில் பரவுகிறது. ஆப்பிரிக்காவில் இருந்து வரும் 'பால் பைதான்' என்ற சிறிய மலைப்பாம்புக்குத்தான் கிராக்கி. (பெயரில் உள்ள 'பால்' குடிக்கிற பால் அல்ல, பந்து!) இங்கே தவறு நேர் எதிர். விழுங்குவதைப் பார்க்கும் ஆசையில் அடிக்கடி இரை போட்டுக் கொழுக்க வைக்கிறார்கள். தின்ற உடனே கையில் எடுத்தால் கக்கிவிடும். போதிய சூடு இல்லாவிட்டால் விழுங்கிய எலி வயிற்றிலேயே அழுகும். இப்படி வெளிநாட்டு இனம் வைத்திருப்பவர்கள் அதைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-ல் மத்திய அரசு விதி கொண்டு வந்திருக்கிறது. நல்ல பாம்பு, சாரைப் பாம்பு போன்ற நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்ப்பதோ, கூடையில் வைத்து வித்தை காட்டுவதோ 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

புற்றுக்குப் பால் ஊற்றும் வழக்கம் தமிழ்நாட்டிலும் உண்டு. அதில் ஊற்றிய பால் மண்ணுக்குப் போகும். பாம்பு தன் பாட்டுக்குத் தவளையோ எலியோ பிடித்துத் தின்னும். பிழைக்க வந்த இடத்தில் புற்று இல்லையே என்று அந்தப் பாலைக் கூடைக்குக் கொண்டு போகும்போதுதான் வம்பு. அரச மரத்தடியில் கல் நாகம் இருக்கிறது. அதற்கு எத்தனை படி பால் ஊற்றினாலும் ஒன்றும் ஆகாது.

பாம்பாட்டிக்கும் வயிறு இருக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சென்னையை அடுத்த வடநெம்மேலியில் இருளர்கள் 1978 முதல் கூட்டுறவுச் சங்கம் நடத்துகிறார்கள். அரசு அனுமதியோடு பாம்பு பிடித்து, சில வாரம் வைத்திருந்து விஷம் எடுத்து, மறுபடியும் விட்டு விடுகிறார்கள். அந்த விஷம் பாம்புக்கடி மருந்துக்குப் போகிறது. வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்கு 2023-ல் பத்மஸ்ரீ விருதே கிடைத்தது. பாம்பைத் தெரிந்தவனுக்கு அந்த அறிவைக் கொண்டே வேலை கொடுக்க முடியும். அதைச் செய்யாமல், வருடத்தில் ஒரு நாள் கூடையைப் பறிமுதல் செய்வதோடு அதிகாரிகள் நிறுத்திக் கொள்வது சரியல்ல.

அதுவரை தட்டில் காசு விழாமல் இருந்தால், அடுத்த ஆடியில் கூடை குறையும். மராட்டிய மாநில வன இலாகாவின் தொலைபேசி எண் 1926. கூடையைக் கண்டால் அந்த எண்ணில் சொல்லலாம். பாம்பைத் தானே பிடுங்கிக் காப்பாற்றப் போக வேண்டாம். பல் பிடுங்கிய பாம்புக்குப் புதுப்பல் முளைப்பது உண்டு.