இடுப்பில் அரைக் கிலோ

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் சிலர் சிலுவார் வாங்கும்போது தங்கள் இடுப்பளவைவிட ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் கூட்டியே வாங்குகிறார்கள். தீபாவளி விருந்தை எதிர்பார்த்து அல்ல. சிலுவாருக்கும் இடுப்புக்கும் நடுவில் ஒரு கைத்துப்பாக்கி உட்கார வேண்டும்.

ஹூஸ்டனில் எண்ணெய், எரிவாயு வேலைக்குப் போயிருக்கும் நம் பிள்ளைகளோ, அவர்களைப் பார்க்கப் போகும் அம்மா அப்பாவோ இதைக் கண்ணால் காண்பது அரிது. கண்ணில் படாமல் இருப்பதுதானே அதன் நோக்கம். பேரங்காடியில் முன்னால் வரிசையில் நிற்பவரிடம் இருக்கலாம், பெட்ரோல் நிலையத்தில் காப்பி வாங்குபவரிடம் இருக்கலாம். நமக்குத் துப்பாக்கி என்றால் போலீஸ்காரர் இடுப்பில் தொங்குவது, வங்கிக்குப் பணம் கொண்டுவரும் வண்டியின் காவலர் கையில் இருப்பது, அவ்வளவுதான். பல் துலக்கி, சட்டை போட்டு, கைப்பேசியையும் கார் சாவியையும் எடுப்பதுபோல் ஒரு கைத்துப்பாக்கியையும் எடுத்துச் செருகிக்கொண்டு வேலைக்குப் போகும் வாழ்க்கை நமக்குப் புரிவதில்லை. இந்த வாரம் அந்தச் சட்டைக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம்.

இது ஏதோ நான்கு பேர் செய்யும் காரியம் அல்ல. 2019ஆம் ஆண்டு நிலவரத்தை வைத்துச் செய்த ஓர் ஆய்வின்படி, அமெரிக்காவில் சுமார் 60 லட்சம் பேர் தினமும் குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கியோடு வெளியே போகிறார்கள். 2015இல் அது 30 லட்சமாக இருந்தது. 2023இல் பியூ ஆய்வு நிலையம் துப்பாக்கி வைத்திருப்போரிடம் காரணம் கேட்டபோது, 72 விழுக்காட்டினர் பாதுகாப்பே முக்கியக் காரணம் என்றார்கள். வேட்டை, விளையாட்டு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஒரு வேடிக்கை என்னவென்றால், முன்பு அந்த நாட்டில் இது தலைகீழாக இருந்தது. 1813இலேயே கென்டக்கி, லூசியானா மாநிலங்கள் ஆயுதத்தை மறைத்து வைத்துக்கொள்வதைத் தடை செய்தன. இடுப்பில் தெரியும்படி கட்டிக்கொண்டால் ஆண்மகன், மறைத்து வைத்தால் கயவன் என்பது அந்தக் காலத்து எண்ணம். 1987இல் ஃபுளோரிடா, தகுதி உள்ளவர் கேட்டால் உரிமம் கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. ஒவ்வொரு மாநிலமாகப் பின்தொடர்ந்தது. 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சஸில், சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ள 21 வயதுக்காரருக்கு உரிமம்கூடத் தேவையில்லை. 2024இல் லூசியானாவும் சேர்ந்தபோது இப்படிப்பட்ட மாநிலங்கள் 29 ஆயின. முதலில் தடுத்த அதே லூசியானாதான். இன்று வெளியே தெரியும்படி கட்டிக்கொண்டு வருபவரைத்தான் கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். மறைத்து வைப்பதே மரியாதை என்று ஆகிவிட்டது.

சரி, மறைப்பது எப்படி? இங்கேதான் உடம்பு குறுக்கே வருகிறது.

சிறிய துப்பாக்கியாக இருந்தால் மறைப்பது எளிது. 1865இல் அதிபர் லிங்கனைக் கொன்ற ஆயுதம் ஒரு டெரிஞ்சர். முழு நீளமே ஏறக்குறைய 15 சென்டிமீட்டர், பள்ளிப் பிள்ளையின் அடிக்கோல் அளவு. ஆனால் அதில் ஒரே ஒரு குண்டுதான். சிறியதாக்கினால் எதையாவது இழக்க வேண்டும், இன்றும் அதே கணக்குதான். பிடி குட்டையானால் கைக்குள் நிற்காது. எடை குறைந்தால் சுடும்போது உதைப்பு கூடும். குறி பார்க்கும் தூரம் சுருங்கினால் குறி தவறும். பெரிய துப்பாக்கி சுடுவதற்கு நல்லது, நாள் முழுக்கச் சுமப்பதற்குத் தொல்லை. 2018இல் வந்த சிக் சாவர் பி365 என்ற துப்பாக்கி அங்கே பெரிய விற்பனை கண்டதற்குக் காரணமே இந்தப் பேரம்தான். தோட்டா இல்லாமல் அரைக் கிலோ எடை, அதற்குள் பத்துத் தோட்டா கொள்ளும்.

அரைக் கிலோ என்ன பெரிய எடையா என்று கேட்கலாம். பாசாரில் அரைக் கிலோ வெங்காயம் வாங்கி இடுப்பில் முடிந்துகொண்டு எட்டு மணி நேரம் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். வெங்காயமாவது நசுங்கும், இது நசுங்காது.

எங்கே வைப்பது என்பதை அவர்கள் கடிகார முள் கணக்கில் சொல்கிறார்கள். தொப்புள் 12 மணி, வலது இடுப்பு 3 மணி, முதுகுத்தண்டு 6 மணி. நான்கு மணி இடத்தில், அதாவது வலது இடுப்புக்குச் சற்றுப் பின்னால் வைத்தால் நிற்கும்போது நிம்மதி. காரில் உட்கார்ந்தால் இருக்கைக்கும் எலும்புக்கும் நடுவில் இரும்பு குத்தும். இருக்கை வார் வேறு மேலே வந்து அழுத்தும். குனிந்து ஒரு பொருளை எடுத்தால் பின்பக்கம் துருத்திக்கொண்டு தெரியும். முன்பக்கம், ஒரு மணி இடத்தில் வைத்தால் நன்றாக மறையும், கைக்கும் பக்கம். ஆனால் உட்காரும்போது குழல் தன் தொடையையே பார்க்கும், தொப்பை உள்ளவருக்கு மூச்சு முட்டும். கணுக்காலில் கட்டினால் யாருக்கும் தெரியாது. ஆபத்து வரும்போது குனிந்து சிலுவாரைத் தூக்குவதற்குத் திருடன் காத்திருக்க வேண்டும்.

மறைக்கக் கடினமான பாகம் குழல் அல்ல, பிடி. குழல் சிலுவாருக்குள் கீழ்நோக்கிப் போய்விடும். பிடிதான் வெளியே நீண்டு சட்டைத் துணியில் அச்சாகத் தெரியும். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே ‘பிரின்டிங்’. அது தெரியாமல் இருக்கத் தடித்த இடுப்புவார், பிடியை உடம்போடு சேர்த்து அழுத்தும் உறை, ஓர் அளவு பெரிய சட்டை, அதையும் உள்ளே விடாமல் வெளியே விட வேண்டும், வெற்று நிறத்தைவிடப் பூப்போட்ட துணி நல்லது என்று ஆயிரம் யோசனை. இவ்வளவையும் கேட்டால் நம் பாத்தேக் சட்டைதான் நினைவுக்கு வருகிறது. அந்த ஊருக்கு ஏற்றுமதி செய்தால் நல்ல வியாபாரம் நடக்கும்.

பெண்கள் பாடு இன்னும் சிரமம். அவர்கள் உடுப்பில் பாதிக்கு இடுப்புவார் கிடையாது, பை கிடையாது. அதனால் கைப்பையில் வைத்துக்கொள்கிறார்கள். உடம்பில் ஒரு கிராம் பாரம் இல்லை, குத்தல் இல்லை. சொகுசு என்று பார்த்தால் இதற்கு மிஞ்சியது இல்லை.

2014 டிசம்பர் 30ஆம் தேதி, ஐடஹோ மாநிலத்தின் ஹேடன் என்ற ஊரில் ஒரு பெண் பிள்ளைகளோடு கடைக்குப் போனார். உரிமம் பெற்றவர். துப்பாக்கி வைப்பதற்கென்றே தனி அறையும் ஜிப்பும் வைத்துத் தைத்த பை அவருடையது. பை தள்ளுவண்டியில் இருந்தது, பக்கத்தில் இரண்டு வயது மகன். பிள்ளை ஜிப்பைத் திறந்து கையை விட்டான். 29 வயதுத் தாய் அங்கேயே இறந்தார். உடம்பில் இருந்திருந்தால் குத்தியிருக்கும், வியர்த்திருக்கும், எரிச்சலாக இருந்திருக்கும். ஆனால் அந்தப் பிஞ்சுக் கைக்கு எட்டியிருக்காது.

துப்பாக்கி தரவேண்டியது தைரியம், சொகுசு அல்ல என்ற பொருளில் அங்கே பயிற்சியாளர்கள் சொல்வது உண்டு. குத்தினாலும் பொறுத்துக்கொள் என்கிறார்கள். பேச்சு நன்றாகத்தான் இருக்கிறது. என் கருத்து வேறு. மனித உடம்பு வலியைப் பொறுத்துக்கொள்வதில்லை, வலிக்கு வழி தேடிக்கொள்கிறது. இறுக்கமான உறையைக் கழற்றி வீட்டில் போட்டுவிட்டு வெறுமனே செருகிக்கொள்ளும். தடித்த இடுப்புவாருக்குப் பதில் ரப்பர் நாடா சிலுவார் போடும். காரில் போகும்போது எடுத்துப் பக்கத்து இருக்கையில் வைக்கும். கழிப்பறையில் கழற்றி எங்காவது மேலே வைக்கும், மறந்துவிட்டு வெளியே வரும்.

பிளாக்ஸிகோ பர்ரஸ் என்ற அமெரிக்கக் காற்பந்து வீரர் கதை இதற்கு நல்ல உதாரணம். நம் காற்பந்து அல்ல, கையில் பிடித்து ஓடுவார்களே, அது. 2008 பிப்ரவரியில் நியூயார்க் ஜயன்ட்ஸ் குழுவுக்கு வெற்றிப் புள்ளியை வாங்கித் தந்து ஊரே கொண்டாடிய ஆள். அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க்கில் ஓர் இரவு விடுதிக்குப் போனார். விளையாட்டு வீரர்கள் போடும் தொளதொள சிலுவார், இடுப்பில் உறை இல்லாமல் செருகிய துப்பாக்கி. அது நழுவிக் காலுக்குள் இறங்கியது. இறங்குவதைப் பிடிக்கப் போனார். விசையில் விரல் பட்டு, குண்டு அவர் தொடையிலேயே பாய்ந்தது. நியூயார்க்கில் வைத்திருக்க உரிமமும் இல்லை. இரண்டு ஆண்டு சிறைத்தண்டனை.

பயிற்சி இல்லாதவர்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2018 ஜூனில் டென்வர் நகரில் விடுமுறையில் இருந்த எஃப்பிஐ அதிகாரி ஒருவர் மதுக்கூடத்தில் ஆடும்போது பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடித்தார். இடுப்பிலிருந்து துப்பாக்கி தரையில் விழுந்தது. பதறி எடுத்தபோது வெடித்து, அங்கே நின்ற ஒருவர் காலில் பாய்ந்தது. விழும்போது அது சுடவில்லை, அவசரமாக அள்ளி எடுத்த விரல்தான் சுட்டது. விழுந்தால் விழட்டும், பிடிக்காதே என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்வார்கள். விழும் கைப்பேசியைப் பிடிக்காமல் நம்மால் இருக்க முடிகிறதா?

இதற்கெல்லாம் எதிர்ப்பக்கம் இருப்பது முழுச் சொகுசு. நல்ல உறை, நல்ல இடுப்புவார், லேசான துப்பாக்கி. இருப்பதே தெரியாது. அப்போது வருவது மறதி. அமெரிக்க விமான நிலையச் சோதனைகளில் 2023இல் மட்டும் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன. அவற்றில் 93 விழுக்காடு குண்டு நிரப்பியவை. பிடிபட்டவர்கள் பெரும்பாலும் சொல்லும் பதில், பையில் இருந்ததே நினைவில்லை என்பதுதான். நம்பாமல் இருக்க முடியவில்லை. தெரிந்தே யார் சோதனை இயந்திரத்தில் வைப்பார்கள்?

ஆக, குத்தினால் கழற்றி எங்கேயோ வைக்கிறார்கள், குத்தாவிட்டால் மறந்துவிடுகிறார்கள். நடுவில் ஒரு சின்ன இடம் இருக்கிறது. விசையை முழுக்க மூடும் உறை, உடம்பை விட்டு இறங்காத பழக்கம், இருப்பதை நாள் முழுக்க நினைவில் வைக்கும் புத்தி. அந்த இடத்தில் ஆண்டுக்கணக்கில் நிற்பவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. 60 லட்சம் பேரும் தினமும் அங்கே நிற்கிறார்கள் என்று மட்டும் என்னால் நம்ப முடியவில்லை.

அங்கே போகும் நம்மவர்களுக்குச் சில விவரங்கள். டெக்சஸில் சில கடை வாசல்களில் 30.06 என்ற எண்ணோடு ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் பெரிய எழுத்தில் அறிவிப்பு இருக்கும். மறைத்து வைத்த துப்பாக்கியோடு உள்ளே வராதே என்று உரிமம் பெற்றவருக்குச் சொல்வது அது. எழுத்து ஓர் அங்குல உயரமாவது இருக்க வேண்டும் என்றுகூடச் சட்டத்தில் உண்டு. அதைப் பார்த்து உள்ளே ஏதோ ஆபத்து என்று அம்மா பயப்பட வேண்டாம்.

வேலை விசா, மாணவர் விசா, சுற்றுலா விசாவில் போன நம் பிள்ளைகள், கூட வேலை செய்பவர் வைத்திருக்கிறாரே என்று ஒன்றை வாங்கிவிடக் கூடாது. குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்திய சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள்தான் உண்டு. நண்பரோடு சுடும் பயிற்சிக்கூடத்துக்குப் போக ஆசை வந்தாலும் முதலில் வழக்கறிஞரைக் கேட்பது நல்லது. பேரப்பிள்ளை பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போகிறது என்றால், வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறீர்களா என்று கேட்பது அங்கே தவறு இல்லை. பல தாய்மார்கள் கேட்கிறார்கள். நாய் கடிக்குமா என்று கேட்பது போலத்தான்.

திரும்பி வரும்போது இன்னொன்று. நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கிக்கு மட்டும் அல்ல, தோட்டாவுக்கும் சேர்த்துத்தான். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் உண்டு. ஒன்பது மில்லிமீட்டர் தோட்டா மூன்று சென்டிமீட்டர் நீளம்தான், சாவிக்கொத்துக்கும் சில்லறைக்கும் நடுவில் கிடந்தால் தெரியாது. ஹூஸ்டன் குளிருக்கு நண்பர் கொடுத்த கோட்டு, யாரோ தந்த பழைய முதுகுப்பை, இவற்றை அணிந்து கே.எல்.ஐ.ஏ.வுக்கு விமானம் ஏறும் முன், பைகளையெல்லாம் வெளிப்புறமாகத் திருப்பிப் படுக்கையில் கொட்டிப் பாருங்கள். உள்பையையும், துணிக்குள் கிழிசல் இருந்தால் அதையும்.