"அங்க என் பக்கத்துல யாருப்பா உட்காருவா?" - ஊர் மாறும்போது பிள்ளைக்குப் பள்ளி தேடுறீங்களா?

மார்ச் மாசம். ஆபீஸ்லேர்ந்து மெயில் வருது. கோயம்புத்தூர்ல வீட்டிலிருந்தே வேலை பார்த்தது போதும், ஜூன் மாசம் பெங்களூருக்கு வந்துடணும்னு சொல்லிட்டாங்க. சம்பளமும் கொஞ்சம் கூடுது. சந்தோஷமா வீட்டுல சொல்றீங்க. ஏழாம் வகுப்பு முடிக்கப்போற பொண்ணு, தட்டுல இருந்த தோசையைப் பிய்ச்சுக்கிட்டே ஒரே ஒரு கேள்வி கேட்கிறா.

"அங்க என் பக்கத்துல யாருப்பா உட்காருவா?"

உங்ககிட்ட பதில் இல்லை. போனை எடுத்து 'பெங்களூரின் டாப் 10 பள்ளிகள்'னு தேட ஆரம்பிக்கிறீங்க.

கொரோனாவுக்குப் பிறகு சொந்த ஊருக்கு வந்த பல குடும்பங்கள் இப்போ இப்படித்தான் மூட்டை கட்டிக்கிட்டு இருக்கு. வாடகைக்கு வீடு ஒரு வாரத்துல கிடைச்சுடும். கேஸ் கனெக்‌ஷனை மாத்திடலாம். பள்ளிக்கூடம்தான் பெரிய தலைவலி. அந்த 'டாப் 10' பட்டியல்கள் பெரும்பாலும் எல்.கே.ஜி-யில சேர்க்கிற பெற்றோரை மனசுல வெச்சு எழுதுனவை. உங்க பொண்ணு பாதி வழியில பஸ் ஏறப்போறா. அதனால, 'எது நல்ல பள்ளி?'ன்னு தேடுறதைவிட, 'நடுவுல வர்ற பிள்ளையை எந்தப் பள்ளி நல்லா பார்த்துக்கும்?'னு தேடுறதுதான் உங்களுக்கு உதவும்.

முதல்ல வகுப்பைப் பாருங்க

பள்ளியைப் பார்க்கிறதுக்கு முன்னாடி, பிள்ளை எந்த வகுப்புக்குப் போகுதுன்னு பாருங்க. ஆறு, ஏழு, எட்டு வகுப்புகள்ல ஊர் மாறுறது ஓரளவு சுலபம். பாடத்திட்டம் மாறினாலும் பிடிச்சுக்க அவகாசம் இருக்கு. ஒன்பதாம் வகுப்புல சி.பி.எஸ்.இ பள்ளிகள் மாணவர் பெயரை வாரியத்துல பதிவு செய்றாங்க. ஐ.சி.எஸ்.இ-யில ஒன்பதும் பத்தும் சேர்ந்து ஒரே ரெண்டு வருஷப் படிப்பு. அதனால எந்த வாரியம்ங்கிற முடிவை ஒன்பதுக்குள்ள எடுத்துடணும்.

பத்தாம் வகுப்புலயும் பன்னிரண்டாம் வகுப்புலயும் நேரடியா வேற பள்ளியில சேர்றது எளிதில்லை. சி.பி.எஸ்.இ-யில அதுக்கு வாரியத்தோட அனுமதி வேணும். பெற்றோரோட பணியிட மாறுதல் மாதிரி காரணத்தை ஆதாரத்தோட காட்டணும். அனுமதி கிடைச்சாலும், பொதுத்தேர்வு வருஷத்துல புது ஊர், புது டீச்சர், புது நண்பர்கள்னு பிள்ளை மேல சுமை ஏறும். இந்த வகுப்புகள்ல இருக்கிற பிள்ளைக்கு என் யோசனை: ஒருத்தர் மட்டும் முதல்ல போய் ஒரு வருஷம் பி.ஜி-யில தங்கிப் பாருங்க. வார இறுதி பஸ் டிக்கெட் செலவு, ஒரு வருஷப் படிப்பு கெட்டுப்போறதைவிடக் கம்மிதான்.

இன்னொண்ணு. கர்நாடகாவுல பத்தாம் வகுப்போட பள்ளி முடிஞ்சுடும். அடுத்த ரெண்டு வருஷத்தை பி.யு.சி-ன்னு சொல்வாங்க. அதுக்குப் பெரும்பாலும் தனி பி.யு காலேஜ்ல சேரணும். சி.பி.எஸ்.இ பள்ளிகள்லயும் பத்து வரைக்கும் மட்டுமே அங்கீகாரம் வாங்கினவை இருக்கு. எட்டாம் வகுப்புல சேர்க்கிறப்பவே, 'ப்ளஸ் ஒன் இங்கேயே இருக்கா?'ன்னு கேட்டுடுங்க. இல்லைன்னா மூணே வருஷத்துல மறுபடியும் பள்ளி தேடி அலையணும்.

ஏப்ரலா, ஜூனா?

தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகள் ஜூன்ல திறக்கும். சி.பி.எஸ்.இ பள்ளிகள்ல புது வகுப்பு ஏப்ரல்லயே ஆரம்பிச்சுடும். நீங்க மே மாசம் சாமானை ஏத்தி, ஜூன்ல சேர்த்தீங்கன்னா, கணக்குல ஒண்ணு ரெண்டு பாடம் முடிஞ்சிருக்கும். போன உடனே முதல் தேர்வு வரும். அதுல குறையுற மார்க்கைப் பார்த்து, 'நான் இங்க மக்கு போல'ன்னு பிள்ளை முடிவு பண்ணிடும். விட்டுப்போன பாடத்தைத் தனியா நடத்துவாங்களான்னு சேர்க்கும்போதே கேளுங்க. பல தனியார் பள்ளிகள் அடுத்த ஆண்டுக்கான சேர்க்கையை முந்தின வருஷக் கடைசியிலேயே தொடங்கிடும். மாறுதல் பத்தி ஆபீஸ்ல பேச்சு அடிபடும்போதே தேட ஆரம்பிச்சுடுங்க.

உண்மையான சுவர், மொழி

இதைத்தான் நிறைய பேர் கவனிக்காம விட்டுடுறாங்க. தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்துல படிச்ச பிள்ளைக்குத் தெரிஞ்சது தமிழும் இங்கிலீஷும். பெங்களூர்ல எட்டாம் வகுப்புல உட்கார்ந்தா, பக்கத்துல இருக்கிற பிள்ளைகள் ஒண்ணாம் வகுப்புலேர்ந்து கன்னடமோ இந்தியோ எழுதிப் பழகினவங்க. உங்க பொண்ணுக்கு எழுத்தே தெரியாது. கணக்குல நூத்துக்கு நூறு வாங்கினவ, மொழி வகுப்புல மட்டும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பா. பதிமூணு வயசுல அந்த அவமானம் சின்ன விஷயம் இல்லை.

கர்நாடகாவுல, பள்ளிகள்ல கன்னடத்தை முதல் அல்லது இரண்டாம் மொழியா கற்பிக்கணும்னு 2015-ல சட்டம் கொண்டுவந்தாங்க. 2017-18 கல்வியாண்டுலேர்ந்து ஒண்ணாம் வகுப்புல தொடங்கி படிப்படியா நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டுலயும் 2006-ல தமிழ் கற்றல் சட்டம் வந்துச்சு. கேரளா, தெலங்கானா, மகாராஷ்டிரான்னு எங்கே போனாலும் அந்தந்த மாநில மொழிக்கு இதே மாதிரி சட்டம் இருக்கு. அது நியாயமானதும்கூட. அந்த ஊர்ல வாழப்போற பிள்ளைக்கு அந்த ஊர் மொழி வேணும்தானே!

கேட்க வேண்டியது இதுதான்: 'வெளி மாநிலத்துலேர்ந்து நடுவுல வர்ற பிள்ளைக்கு மொழிப்பாடத்தை எப்படி நடத்துறீங்க? அடிப்படையிலேர்ந்து சொல்லித்தர தனி வகுப்பு உண்டா? தேர்வுல என்ன சலுகை?' சி.பி.எஸ்.இ பாடப் பட்டியல்ல தமிழும் உண்டு. ஆனா, அந்தப் பள்ளியில தமிழ் டீச்சர் இருந்தாத்தான் உங்க பிள்ளை அதை எடுக்க முடியும். 'பார்த்துக்கலாம் சார்'ங்கிற பதிலை ஏத்துக்காதீங்க.

காலேஜ் கணக்கு இப்பவே போடணும்

எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு காலேஜ் பத்தி இப்ப ஏன் கவலைன்னு தோணும். கொஞ்சம் கூட்டிப் பாருங்க. கர்நாடக மாநில ஒதுக்கீட்டுல தொழிற்படிப்பு சீட் கேட்க இருக்கிற முக்கியமான வழி, அந்த மாநிலத்துல குறைஞ்சது ஏழு வருஷம் படிச்சிருக்கணும்ங்கிறது. எட்டுலேர்ந்து பன்னிரண்டு வரைக்கும் அங்க படிச்சா அஞ்சு வருஷம்தான் ஆகும். ஆறாம் வகுப்புல போயிருந்தா ஏழு சரியா வரும்.

சரி, தமிழ்நாட்டுக்கே திரும்பி வரலாம்னா, பொறியியல் கலந்தாய்வுல எட்டு முதல் பன்னிரண்டு வரை இங்கேயே படிச்சவங்களுக்கு இருப்பிடச் சான்றிதழ் தேவைப்படாது. வெளியில படிச்சவங்க அதைக் காட்டணும். அதனால பெற்றோரோட பள்ளிச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எல்லாத்தையும் ஊரைவிட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு ஃபைல்ல போட்டு வெச்சுக்கோங்க. விதிகள் அப்பப்போ மாறும். சேர்ற வருஷத்துக் கையேட்டைப் பார்க்க மறக்காதீங்க.

பிள்ளை இப்போ அரசுப் பள்ளியில படிக்குதுன்னா, இன்னும் நிதானமா யோசிங்க. ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கு மருத்துவப் படிப்புல 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு 2020-லேர்ந்து இருக்கு. அடுத்த வருஷம் பொறியியல் மாதிரியான படிப்புகளுக்கும் வந்துச்சு. நடுவுல தனியார் பள்ளிக்கு மாத்தினா அந்த வாய்ப்பு போயிடும். சென்னைக்கு மாறினாலும் இதே கதைதான். தெரிஞ்சே விட்டா பரவாயில்லை, தெரியாம விட்டுடாதீங்க.

ஃபீஸ் எவ்வளவு? வேற என்ன?

பள்ளி சொல்ற கட்டணம் ஒண்ணு, வருஷக் கடைசியில நீங்க கட்டியிருக்கிற தொகை இன்னொண்ணு. வேன், யூனிஃபார்ம், புத்தகம், சுற்றுலா, 'ஸ்மார்ட் கிளாஸ்' எல்லாத்தையும் சேர்த்து எழுதிக் கேளுங்க. மறுபடியும் மாறுதல் வந்தா எவ்வளவு திரும்பக் கிடைக்கும்னும் கேளுங்க. 2009 கல்வி உரிமைச் சட்டத்தோட 13-வது பிரிவு, எட்டாம் வகுப்பு வரைக்குமான சேர்க்கைக்கு நன்கொடை வாங்குறதையும், பிள்ளையையோ பெற்றோரையோ தேர்வு வெச்சு வடிகட்டுறதையும் தடை செய்யுது. சிறுபான்மையினர் நடத்துற பள்ளிகளுக்கு மட்டும் இந்தச் சட்டம் பொருந்தாது. நடைமுறை எப்படி இருக்குன்னு உங்களுக்கே தெரியும். ஆனாலும், ரசீது இல்லாம ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீங்க.

இங்கேயிருந்து கிளம்பும்போது டி.சி, மார்க் ஷீட் ரெண்டையும் கையில வாங்கிடுங்க. தமிழ்நாட்டுக்குள்ளயே மாறுறவங்க, எமிஸ் பதிவுல பழைய பள்ளி பிள்ளையோட பெயரை விடுவிச்சுட்டாங்களான்னு கேட்டுடுங்க. அது நடக்காம புதுப் பள்ளியில பெயரை ஏத்த முடியாது.

ஸ்கூலைப் பார்க்கப் போறீங்களா?

நீச்சல்குளத்தையும் ஏ.சி வகுப்பறையையும் அவங்களே காட்டிடுவாங்க. நீங்க இடைவேளை நேரத்துல போங்க. பிள்ளைகள் டீச்சர்கிட்ட பயமில்லாம பேசுறாங்களா, தனியா நிற்கிற பிள்ளையை யாராவது கூப்பிடுறாங்களான்னு பாருங்க. கழிவறையை எட்டிப் பாருங்க. எட்டாம் வகுப்புக்கு இந்த மூணு வருஷத்துல எத்தனை கணக்கு டீச்சர் மாறினாங்கன்னு கேளுங்க. வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரத்தை கிலோமீட்டர்ல பார்க்காதீங்க, பெங்களூர்ல அது எதுக்கும் உதவாது. திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு நீங்களே ஒரு தடவை போய் வாங்க. பள்ளியை முடிவு பண்ணிட்டு வீடு பார்த்தா இன்னும் நல்லது.

முக்கியமா, பொண்ணையும் கூட்டிட்டுப் போங்க. ரெண்டு மூணு பள்ளிகளை நீங்க வடிகட்டி வெச்சுட்டு, அதுல எதுன்னு அவ சொல்லட்டும். ஊர் மாறுற முடிவுல அவகிட்ட யாரும் கேட்கலை. இதுலயாவது கேட்கலாம்.

கிளம்புறதுக்கு முன்னாடி அட்மிஷன் ஆபீஸ்ல கடைசியா ஒண்ணு கேளுங்க: "போன வருஷம் எட்டாம் வகுப்புல வெளியூர்லேர்ந்து வந்து சேர்ந்த பிள்ளை யாராவது இருக்காங்களா? அவங்க பெற்றோர்கிட்ட சம்மதம் கேட்டு, எங்களைப் பேச வைக்க முடியுமா?" சட்டுனு ஒரு பெயர் அவங்க நினைவுக்கு வந்து, போன் பண்ணிக் கேட்டாங்கன்னா, நடுவுல வர்ற பிள்ளையை அந்தப் பள்ளி கவனிக்குதுன்னு அர்த்தம். அந்தப் பிள்ளையையும் உங்க பொண்ணையும் ஒரு ஞாயித்துக்கிழமை பார்க் பக்கம் சந்திக்க வைங்க. அன்னிக்குத் தோசை கேள்விக்குப் பதில் கிடைச்ச மாதிரியும் இருக்கும்.