மார்ச் 23, 1976: சிலபஸ்ல இல்லாத ஒரு தேதி

போன வாரம் ஹாஸ்டல் மெஸ்ல டிவி ஓடிட்டிருந்தது. எல்லை தாண்டியதாக மீனவர்கள் கைதுன்னு வழக்கமான செய்தி. பக்கத்துல இருந்தவன் சாம்பாரை ஊத்திக்கிட்டே கேட்டான்: "ஏன்டா, இவங்ககிட்ட ஜிபிஎஸ் இல்லையா? பார்டர் எங்க இருக்குன்னு தெரியாதா?"

நான் வாலிநோக்கத்துக்காரன். பதில் சொல்லியிருக்கணும். சொல்லலை, ஏன்னா எனக்கே தெரியாது. அந்த பார்டரை யார் போட்டாங்க, எப்போ போட்டாங்கன்னு அன்னைக்குக் கேட்டிருந்தா திருதிருன்னு முழிச்சிருப்பேன். பன்னிரண்டு வருஷம் இங்கிலீஷ் மீடியத்துல படிச்சவன் நான். பிரெஞ்சுப் புரட்சி எந்த வருஷம்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். எங்க ஊர் மணல்ல நின்னா தெரியுற கடலுக்கு நடுவுல ஒரு கோடு எப்போ விழுந்ததுன்னு எந்தப் புத்தகமும் சொல்லலை. நானும் தேடலை.

அதனால இந்த இதழோட "அந்த மாதம் உலகில்" பக்கத்துக்கு 1976 மார்ச்சை எடுத்துக்கிட்டேன். முதல்ல நீங்க எதிர்பார்க்குற லிஸ்ட். மார்ச் 16: பிரிட்டிஷ் பிரதமர் ஹரால்ட் வில்சன் திடீர்னு ராஜினாமா அறிவிக்கிறார். மார்ச் 24: அர்ஜென்டினாவுல ராணுவம் இசபெல் பெரோனைக் கவிழ்க்குது. அப்புறம் ஏப்ரல் 1, ஆப்பிள் கம்பெனி ஆரம்பம். மாசம் ஒரு நாள் தள்ளிப்போச்சு, ஆனா நம்ம காலேஜ்ல ஆப்பிள் இல்லாம 1976-ஐப் பத்தி எழுதினா எடிட்டரே ஏத்துக்க மாட்டார்.

இப்போ லிஸ்ட்ல வராத தேதிக்கு வர்றேன். மார்ச் 23.

அன்னைக்கு இந்தியாவும் இலங்கையும் மன்னார் வளைகுடாவுலயும் வங்காள விரிகுடாவுலயும் கடல் எல்லையைப் பிரிச்சு ஒப்பந்தம் போட்டாங்க. கச்சத்தீவு ஒப்பந்தம்னு நீங்க கேள்விப்பட்டது அதுக்கு முந்தினது, 1974 ஜூன்ல பாக் நீரிணைக்குப் போட்டது. அதுல ஆறு புள்ளிகள். 1976-ல மன்னார் வளைகுடா பக்கம் மட்டும் பதிமூணு. 1974-ன் கடைசிப் புள்ளி 9 டிகிரி 6 நிமிடம் வடக்கு, 79 டிகிரி 32 நிமிடம் கிழக்கு. தனுஷ்கோடிக்கு அந்தப் பக்கம் ஆதம் பாலத்துல இருக்கு. 1976-ன் முதல் புள்ளியும் அதே இடம்தான். புள்ளிகளை இணைக்குறது 'கிரேட் சர்க்கிள்' வில்லால. சர்வேயிங் பேப்பர் எழுதினவங்களுக்கு இது புரியும், உருண்டை மேல ரெண்டு புள்ளிக்கு நடுவுல உள்ள மிகக் குறுகிய வழி. பேப்பர்ல ரொம்ப அழகா இருக்கு. ஜிபிஎஸ் இல்லையான்னு கேட்ட நண்பனுக்கு ஒரு தகவல்: முதல் ஜிபிஎஸ் செயற்கைக்கோள் மேலே போனதே 1978-ல. கோடு போட்ட அன்னைக்குக் கடல்ல யார்கிட்டயும் ஜிபிஎஸ் கிடையாது.

கோட்டை விட முக்கியமானது அதே நாள்ல மாத்திக்கிட்ட ஒரு கடிதம். நம்ம வெளியுறவுச் செயலர் கேவல் சிங், இலங்கைத் தரப்புல ஜெயசிங்க. இந்த நாட்டு மீன்பிடிப் படகுகளும் மீனவர்களும் அந்த நாட்டுக் கடல்ல, அந்த நாட்டு அனுமதி இல்லாம மீன் பிடிக்கக் கூடாது, அதேபோல அவங்களும் இங்கே கூடாதுன்னு அதுல இருக்கு. 1974 ஒப்பந்தத்துல இப்படி ஒரு வரி இல்லை. இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் முன்ன மாதிரியே கச்சத்தீவுக்குப் போய் வரலாம், விசா வேண்டாம்னு இருந்தது. ரெண்டு நாட்டுப் படகுகளும் வழக்கமா அனுபவிச்ச உரிமை தொடரும்னும் இருந்தது. அந்த உரிமையில மீன்பிடிப்பு அடங்குமா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் சண்டை. ஆனா 1976 கடிதத்துல சண்டைக்கு இடமே இல்லை.

மேடையில எல்லாரும் கச்சத்தீவைத்தான் பேசுறாங்க. 285 ஏக்கர், அந்தோணியார் கோயில், தாரை வார்த்தது யாருன்னு ஒரு பட்டிமன்றம். எனக்கு இது எரிச்சலாவே இருக்கு. தீவு நாளைக்கே திரும்பக் கிடைச்சாலும் கடிதம் அப்படியேதான் இருக்கும், மீன் கிடைக்குற தண்ணி அந்தப் பக்கம்தான் இருக்கும். தீவை போஸ்டர்ல போட முடியுது, கடிதத்தைப் போட முடியாது. அதான் விஷயம்.

சரி, அன்னைக்கு யாரும் கேட்கலையான்னு நீங்க கேப்பீங்க. 1974-ல கேட்டாங்க. தமிழ்நாடு சட்டமன்றமே எதிர்த்துத் தீர்மானம் போட்டுச்சு. 1976 மார்ச்ல தீர்மானம் போடுறதுக்குச் சட்டமன்றமே இல்லை. ஜனவரி 31-ம் தேதி கருணாநிதி அரசைக் கலைச்சுட்டாங்க, குடியரசுத் தலைவர் ஆட்சி. நாடு முழுக்க எமர்ஜென்சி, பத்திரிகைக்கு சென்சார். எந்தக் கரையோட பிழைப்பைப் பத்தி டெல்லியில கையெழுத்து விழுந்ததோ, அந்தக் கரைக்கு அன்னைக்குச் சொந்தமா ஒரு எம்எல்ஏ கூட கிடையாது.

அதே மார்ச்ல வட அட்லாண்டிக்ல இன்னொரு மீன் சண்டை நடந்துட்டிருந்தது. ஐஸ்லாந்து தன் கரையில இருந்து 200 கடல் மைல் வரைக்கும் எங்க மீன்னு அறிவிச்சது. பிரிட்டன் டிராலர்கள் கேட்கலை. ஐஸ்லாந்து ரோந்துக் கப்பல்கள் ஒரு வெட்டுக் கருவியை இழுத்துக்கிட்டுப் போய் அவங்க வலையையே அறுத்து விட்டுச்சு, பிரிட்டன் போர்க்கப்பலை அனுப்புச்சு, கப்பலோட கப்பல் மோதுச்சு. காட் மீனுக்காக நடந்ததால 'காட் யுத்தம்'னு பேர். ஜூன் 1-ம் தேதி பிரிட்டன்தான் இறங்கி வந்துச்சு. ஐஸ்லாந்து மக்கள்தொகை அப்போ ரெண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல. சின்ன நாடுதான், ஆனா மீனவன் பிரச்சினை அங்க தலைநகரத்தோட பிரச்சினை. நமக்கு அது மாவட்டப் பிரச்சினை.

இன்னொரு ஒற்றுமை படிச்சப்போ எனக்குச் சிரிப்பு வரலை. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை உலக அளவுல நடைமுறைக்கு வந்த நாளும் 1976 மார்ச் 23 தான். அதோட முதல் பிரிவே, எந்த நிலையிலும் ஒரு மக்களோட பிழைப்பு வழியைப் பறிக்கக் கூடாதுன்னு சொல்லுது. இந்தியா அதுல சேர்ந்தது 1979-ல. அதனால சட்டப்படி முரண்பாடுன்னு நான் வாதாட வரலை. ஒரே தேதி, அவ்வளவுதான்.

இதுவரைக்கும் படிச்சிட்டு 'ஆமா, நமக்கு அநியாயம் நடந்துச்சு'ன்னு ஷேர் பண்ணக் கிளம்பிடாதீங்க. கதையோட மறுபாதி இருக்கு. அதே மார்ச் 23-ல கன்னியாகுமரிக்குத் தெற்கே இருக்குற வாட்ஜ் பேங்க் இந்தியாவோடதுன்னு முடிவாச்சு. நல்ல மீன்வளம் உள்ள திட்டு. அங்க வந்து பிடிச்சிட்டிருந்த இலங்கைக் கப்பல்களுக்கு மூணு வருஷம், ஆறு கப்பல், வருஷத்துக்கு 2,000 டன்னுக்கு மேல கூடாது, அதுக்கப்புறம் கிடையாதுன்னு எழுதிட்டாங்க. நாம வாங்கினதைப் பத்தி மேடையில யாரும் பேசி நான் கேட்டதில்லை.

அதைவிடக் கசப்பானது, நாம அந்தப் பக்கம் போறது டிராலர் வலையோட. அடிமட்டத்தை வாரிக்கிட்டு வர்ற மடி அது, குஞ்சு, முட்டை, பாசி எதையும் விடாது. போர்க்காலத்துல அந்தக் கரையில மீன்பிடிக்கவே கட்டுப்பாடு, நம்ம படகுகள் தாராளமா போயிட்டு வந்துச்சு. 2009-ல போர் முடிஞ்சு யாழ்ப்பாணத்துலயும் மன்னார்லயும் மக்கள் சின்னப் படகும் வலையுமா மறுபடி கடலுக்கு வந்தா, ராத்திரியோட ராத்திரியா நம்ம டிராலர் அவங்க வலையை அறுத்துட்டுப் போகுது. அவங்களும் தமிழ் பேசுறவங்கதான். 2017-ல இலங்கை இழுவை மடியையே தடை பண்ணிடுச்சு. அந்தத் தடையை நாம திட்டுறதுக்கு நியாயம் இருக்குன்னு எனக்குத் தோணலை.

மாமாகிட்ட இதைப் பேசினேன். எங்க ஊருக்கு நேரே அந்தக் கோடு 80 கிலோமீட்டருக்கும் மேல தள்ளி இருக்கு, நாட்டுப்படகுல அங்க போற வேலையே இல்லை. எதிர்ல இருக்குற தீவுகள் 1986-ல இருந்து தேசியப் பூங்கா, அங்கயும் போக முடியாது. அதனால கரையோரம் மீன் படாத மாசத்துல மாமா மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகுக்குப் பங்குக்குப் போவார். அங்க கதை வேற. கச்சத்தீவுக்கு மேற்கே ஒரு மைல்லயே கோடு ஓடுது.

"ஜிபிஎஸ் இருக்குல்ல மாமா, கோடு தெரியும்ல?"

"தெரியும்பா. நல்லாத் தெரியும். இந்தப் பக்கம் மடியை இறக்குனா டீசல் காசு வராது, அதுவும் தெரியும்."

"அப்போ தெரிஞ்சேதான் போறீங்களா?"

"படகு என்னோடதா? டிரைவர் எங்க திருப்புறாரோ அங்க. பிடிபட்டா முதலாளி கரையில இருப்பாக, நாங்க உள்ள இருப்போம்."

இதுதான் மெஸ்ல நான் சொல்லியிருக்க வேண்டிய பதில். என் கருத்தைக் கேட்டா, தீவை மீட்குற பேச்சை விட்டுட்டு அந்தக் கடிதத்தை எடுத்து வெச்சுப் பேசணும். அனுமதி இல்லாம பிடிக்கக் கூடாதுன்னுதான் அதுல இருக்கு, அனுமதியே தரக் கூடாதுன்னு இல்லை. இழுவை மடி இல்லாத படகுக்கு, இத்தனை நாள், இத்தனை எண்ணிக்கைன்னு கேட்கலாம். வாட்ஜ் பேங்க்ல அவங்களுக்கு நாமளே அப்படி ஒரு கணக்கு போட்டுக் கொடுத்திருக்கோமே. கேட்குறதுக்கு முன்னாடி நம்ம டிராலரை நாம கரையேத்தணும். ஆழ்கடல் சூரை மீன் படகுக்கு மாற மானியத் திட்டம் 2017-ல வந்துச்சு. ஆனா அது படகு வெச்சிருக்குறவங்களுக்கு. மாமா மாதிரி பங்குக்குப் போறவருக்கு அதுல என்ன இருக்குன்னு யாராவது கேட்டாகணும்.

ஏப்ரல் 15-ல தடைக்காலம் தொடங்குது. 61 நாள் மாமா வீட்டுலதான் இருப்பார். கடிதத்தைத் தமிழ்ல எழுதி எடுத்துட்டு வர்றேன்னு சொல்லியிருக்கேன். இங்கிலீஷ்ல அது ஒண்ணும் பெரிசு இல்லை, உங்க லேப் ரெக்கார்டை விடச் சின்னது. நீங்களும் ஒரு தடவை படிங்க.