போய் வருகிறேன் என்பதன் பொருள்

ஆடி மாதக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடிக்குப் போவது எங்கள் குடும்ப வழக்கம். வைப்பாறும் அர்ச்சுனா நதியும் கூடுகிற இடத்தில், மணலில் சாக்கு விரித்து, பொங்கல் வைத்து, இரண்டு நாள் தங்கிவிட்டுத் திரும்புவோம். சென்ற முறை கோயிலை ஒட்டிய கடைவரிசையில் பலூன்களிலும் முகமூடிகளிலும் அம்மன் படத்துக்குப் பக்கத்திலேயே பிக்காச்சுவும் டோரேமானும் தொங்கிக்கொண்டிருந்தன. பார்த்துச் சிரித்துவிட்டு நகர்ந்தேன். மறுநாள் காலை அக்கா வீட்டில் நடந்ததுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

அக்கா பயர் ஆபீஸில் வேலை பார்க்கிறவள். (பட்டாசு ஆலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர்.) ஏழு மணிக்கு ஆபீஸ் வண்டி வந்துவிடும். வாசலில் நின்று, "போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு ஏறினாள். எட்டு வயதுப் பேரன் கைபேசியில் ஏதோ ஜப்பானிய அனிமேஷன் தொடரைத் தமிழில் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவனும் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பினான். அந்தத் தொடரின் பையன் வாசலைத் தாண்டும்போது பேசுகிற அதே தொனியில், "நான் போகிறேன்" என்றான். அம்மா திடுக்கிட்டு அவனை நிறுத்தினாள். "போறேன்னு சொல்லப்படாதுல. போயிட்டு வாரேன்னு சொல்லு" என்றாள். சொல்ல வைத்த பிறகே அனுப்பினாள்.

ஜப்பானிய மொழி கற்ற நண்பர் ஒருவரிடம் பின்னர் அந்தக் காட்சியைக் காட்டி, மூலத்தில் அந்தப் பையன் என்ன சொல்கிறான் என்று கேட்டேன். "இத்தெ கிமாஸ்" என்றார். 'இத்தெ' என்றால் போய். 'கிமாஸ்' என்றால் வருகிறேன். வீட்டில் இருப்பவர்கள் பதிலுக்கு 'இத்தெராஷ்ஷாய்' என்பார்களாம். போய் வாருங்கள் என்று பொருள். ஜப்பானில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தினமும் சொல்லப்படுவது, எங்கள் வாசலில் அக்கா சொன்ன அதே சொல்தான். ஆங்கிலத்தில் இதற்கு நேர்ச்சொல் கிடையாது. 'நான் கிளம்புகிறேன்' என்கிற மாதிரி எதையாவது போட்டுச் சமாளிப்பார்கள். அந்தச் சமாளிப்புதான் தமிழுக்குள் வந்து, சாத்தூர்ப் பக்கத்து ஒரு வீட்டில் 'போகிறேன்' ஆகியிருக்கிறது. இரண்டு மொழிகளிலும் இருந்த ஒரு சொல், நடுவில் நின்ற மூன்றாம் மொழியில் தொலைந்துபோயிற்று.

ஜப்பானிய அனிமேஷன் உலகெங்கும் பரவிய பாதையைப் பார்த்தால் இது தற்செயல் அல்ல என்பது புரியும். 1963இல் தெசுகா ஒசாமுவின் 'அஸ்ட்ரோ பாய்' அமெரிக்கத் தொலைக்காட்சிக்குப் போனது முதல், அங்கே உரிமம் வாங்கியவர்கள் அதைத் தங்கள் குழந்தைகளுக்கான மூலப்பொருளாகவே கண்டார்கள். 1985இல் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று தொடர்களை வெட்டி ஒட்டி 'ரோபோடெக்' என்ற பெயரில் எண்பத்தைந்து பகுதிகள் ஆக்கினார்கள். அதே ஆண்டில் மியாசாகி ஹயாவோவின் 'நவுசிகா'வை இருபது நிமிடங்களுக்கு மேல் வெட்டி, வேறு பெயரில் வெளியிட்டார்கள். அந்தக் கசப்பினால்தான், பின்னர் 'இளவரசி மோனோனோகே' அமெரிக்காவுக்குப் போனபோது, தயாரிப்பாளர் சுசூகி தோஷியோ 'வெட்டு கூடாது' என்ற செய்தியோடு விநியோகஸ்தருக்கு ஒரு வாளை அளித்தார். 'போக்கிமான்' ஆங்கிலமானபோது, கையால் பிடித்த சோற்று உருண்டையைக் காட்டிக்கொண்டே அதை ஜெல்லி டோனட் என்றார்கள். கம்மஞ்சோற்று உருண்டை தின்று வளர்ந்த கரிசல்காட்டுப் பிள்ளைக்கு அதை விளக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் இந்தியாவுக்கு வந்த 'போக்கிமான்' அந்த ஆங்கில வடிவத்தின் வழியாகவே வந்தது. அமெரிக்கக் குழந்தைக்குப் புரியாது என்று நீக்கப்பட்டது, புரிந்திருக்கக்கூடிய நம் குழந்தைக்கும் கிடைக்காமல் போயிற்று.

என் தலைமுறை இதைவிட விசித்திரமான ஒன்றைப் பார்த்தது. தொண்ணூறுகளில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தூர்தர்ஷனில் மௌக்லி வருவான். கிப்ளிங் ஆங்கிலத்தில் எழுதியதை ஜப்பானியர் 1989இல் ஐம்பத்திரண்டு பகுதிகளாக வரைந்து, அது இந்தியாவில் இந்தி பேசி, ஊரில் இருந்த ஒரே தொலைக்காட்சிப் பெட்டியின் முன் உட்கார்ந்திருந்த எங்களை வந்தடைந்தது. ஒரு வார்த்தை புரியாது. அது ஜப்பானியருடையது என்பதும் தெரியாது. ஓநாய்களின் வாயசைவுக்கு நாங்களே தமிழில் வசனம் பேசிக்கொண்டோம். எனக்குத் தெரிந்த முதல் குரல்மாற்றுக் கலைஞர்கள் அந்தத் திண்ணைப் பையன்கள்தாம்.

அதன்பின் நிலைமை மாறியது. 2007இல் சுட்டி டிவி வந்தது. டோரேமானும் ஷின்-சானும் வீட்டுப் பிள்ளைகளைப் போலவே தமிழ் பேசினார்கள். கடந்த சில ஆண்டுகளில் இணையவழித் தளங்கள் புதிய தொடர்களைத் தமிழில் தருகின்றன. 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' படம் திரையரங்குகளில் தமிழிலும் வெளியாகி, இளைஞர்கள் காலைக் காட்சிக்கே கூட்டமாகப் போனார்கள். இதையெல்லாம் நம் இலக்கியச் சூழல் சற்றும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. ஒரு கொரிய நாவல் ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வந்தால் நான்கு மதிப்புரைகள் எழுதுகிறோம். பல மடங்கு அதிகமான தமிழ்க் குழந்தைகள் காதால் கேட்கும் மொழிபெயர்ப்பைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை. டப்பிங் என்றாலே இளக்காரம். 1944இலேயே ஏவி.எம். கன்னட 'ஹரிச்சந்திரா'வைத் தமிழ் பேச வைத்த ஊரில் இந்த இளக்காரத்துக்கு நியாயமே கிடையாது.

வசனத்தை எழுத்தில் போட்டு மூலக்குரலைக் கேட்பதே நேர்மையான வழி என்று சொல்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். நானும் அப்படிப் பார்க்கிறவன்தான். ஆனால் ஆங்கில எழுத்தை ஓட்டமாக வாசிக்க முடிகிறவனின் நேர்மை அது. எட்டு வயதுப் பிள்ளைக்கும், பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற அக்காவுக்கும் குரல்தான் வழி. ஜப்பானிலும் பெரும்பாலான அனிமேஷனுக்குப் படம் வரைந்த பிறகே குரல் சேர்க்கிறார்கள். வாய் திறந்தது, பாதி திறந்தது, மூடியது என்ற சில வடிவங்களே அதற்குப் போதுமானவை. ஆகவே இந்தக் கலை வேறு மொழிக் குரலை ஏற்க இயல்பாகவே இடம் கொடுக்கிறது.

தமிழுக்கு அது இன்னும் அதிகமாக இடம் கொடுக்கிறது. தமிழும் ஜப்பானியமும் உறவுமொழிகள் என்று ஓனோ சுசுமு வாதிட்டார். யாழ்ப்பாணத்தின் அ. சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் அவருடன் பணியாற்றினார்கள். மொழியியலாளர் பெரும்பாலோர் அக்கருத்தை ஏற்கவில்லை. ஏற்கவும் வேண்டாம். உறவு இருக்கிறதோ இல்லையோ, இரண்டும் வினைமுற்றில் முடிகிற மொழிகள் என்பது கண்கூடு. 'அவன் இன்னும் சாகவில்லை' என்ற வாக்கியத்தில் அந்த 'இல்லை' கடைசியில்தான் வரும். அதுவரை கேட்பவன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். ஜப்பானியத்திலும் எதிர்மறை கடைசியில்தான். நடிகனின் இடைநிறுத்தம், இசை, முகம் திரும்பும் கணம் எல்லாம் அந்த வரிசைக்கேற்ப அமைந்தவை. ஆங்கிலத்தில் எதிர்மறை முன்னாலேயே வந்து விஷயத்தைப் போட்டு உடைத்துவிடும். உறவுச்சொற்களும் அப்படியே. மூத்தவனைப் பெயர்சொல்லி அழைக்காமல் அண்ணா என்பது, அக்கா என்பது, நீ எப்போது நீங்கள் ஆகிறது என்பது எல்லாம் ஜப்பானியத்தில் உண்டு, தமிழிலும் உண்டு. ஆங்கிலத்தில் ஒரே 'யூ'. அந்த வழியாக வந்த தமிழில் தங்கை அண்ணனைப் பெயர்சொல்லிக் கூப்பிடுகிறாள். கேட்கிற குழந்தைக்கு ஜப்பான் ஏதோ அமெரிக்கா மாதிரி இருக்கிறது.

ஏன் நேரடியாகச் செய்வதில்லை? ஜப்பானில் ஒரு தொடரைப் பதிப்பகம், தொலைக்காட்சி நிலையம், பொம்மை நிறுவனம் எனப் பலர் கூடித் தயாரிப்புக் குழு அமைத்து எடுக்கிறார்கள். உரிமம் நாடு வாரியாக, மொழி வாரியாக, ஊடக வாரியாக, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு விற்கப்படுகிறது. இந்தியாவுக்கு வாங்குபவர் முதலில் இந்தியைப் பார்க்கிறார். தமிழுக்கு வந்து சேர்வது பெரும்பாலும் ஆங்கிலப் பிரதியும் கொஞ்ச நாள் அவகாசமும்தான். அதற்குள் வாயசைவுக்குப் பொருந்த எழுதித் தருகிறவரின் திறமையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அவரை யாரென்று நமக்குத் தெரியாமலிருப்பதுதான் என் வருத்தம்.

இங்கே மாஸ்கோ நினைவுக்கு வருகிறது. முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் தமிழ் மொழிபெயர்ப்பாளர்களை அங்கேயே அழைத்து, சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டன. பூ. சோமசுந்தரம் ரஷ்ய மொழியிலிருந்தே மொழிபெயர்த்தார். நூலில் அவர் பெயர் இருந்தது. நியூ செஞ்சுரி புத்தக நிலையம் வழியாக அவை சொற்ப விலைக்கு எங்கள் ஊர்கள்வரை வந்தன. 1991இல் சோவியத் நாடே இல்லாமல் போயிற்று. புத்தகங்கள் இன்னும் வீட்டுப் பரண்களில் இருக்கின்றன. தமிழ் பேசிய அனிமேஷன் தொடருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. உரிமக்காலம் முடிந்தால் குரல் மறைந்துவிடும். இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு தலைமுறையை வளர்த்த தமிழ்க் குரல்களை இன்று தேடினால், யாரோ ஒருவர் தொலைக்காட்சியிலிருந்து பிடித்துவைத்த மங்கலான துண்டுகள்தாம் கிடைக்கும். அவையும் உரிமமற்றவை.

சிவகாசிக்காரர்களுக்கு உரிமமற்ற படம் புதிதல்ல. 1920களில் எங்கள் பகுதியிலிருந்து இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த காலத்துக்கு முன்பே, ஜப்பான் தன் தீப்பெட்டிகளில் நம் தெய்வப் படங்களை ஒட்டி நமக்கு விற்றது. பின்னாளில் இங்கே பட்டாசுப் பெட்டிகளில் யார் யார் முகமோ யாரையும் கேட்காமல் ஏறியது. படம் அப்படிப் பரவிவிடும். குரலுக்கும் மொழிக்கும் அப்படியொரு குறுக்குவழி இல்லை. அதற்கு ஒருவர் உட்கார்ந்து எழுத வேண்டும், ஒருவர் நின்று பேச வேண்டும், அதை ஒருவர் பாதுகாக்க வேண்டும்.

நான் கேட்பது மூன்றே விஷயங்கள். முதலாவது, தமிழ்ப் பிரதி ஜப்பானியத்திலிருந்து நேரடியாக வரவேண்டும். இரண்டாவது, எழுதியவர் பெயரும் பேசியவர் பெயரும் திரையில் இடம்பெற வேண்டும். 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துகலைஞர் தம் பெயரால் அறியப்படும் உரிமையைப் பேசுகிறது. மூன்றாவது, உரிமம் முடிந்தாலும் தமிழ் ஒலிப்பதிவின் ஒரு பிரதி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஓரிடத்தில் ஆய்வுக்காக வைக்கப்பட வேண்டும். வணிகத்துக்கு இதனால் ஒரு நட்டமும் இல்லை. இதைக் கேட்க வேண்டியவர்கள் மொழிபெயர்ப்பைப் பற்றி அக்கறையோடு பேசுகிற நாம்தான்.

2023இல் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்த ஷின்காய் மகோதோவின் 'சுசுமே'யில் ஒரு கட்டம் உண்டு. 2011 மார்ச் 11 காலை, நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் வருவதற்கு முன், வீடுகளிலிருந்து கிளம்பியவர்களின் குரல்கள் கேட்கின்றன. எல்லாக் குரல்களும் சொல்வது ஒன்றே: இத்தெ கிமாஸ். திரும்பி வராதவர்கள் சொல்லிப்போன சொல் அது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வேலைக்கென்று காலையில் வீட்டைவிட்டுப் புறப்பட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். அவர்கள் வாசலில் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை எங்கள் ஊரில் யாருக்கும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காட்சியைத் தமிழில் எழுதுகிற ஒருவர் ஆங்கிலத்தை மட்டும் பார்த்து 'நான் கிளம்புகிறேன்' என்று எழுதிவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை. அக்கா இன்றைக்கும் ஏழு மணிக்கு அதைச் சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறியிருப்பாள்.