ஆட்டுவதா, அழுத்துவதா?

பெரம்பலூரில் ரயில் நிலையம் கிடையாது. ரயில் பிடிக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் அரியலூருக்குப் பேருந்து ஏற வேண்டும். சுமார் 30 கிலோமீட்டர். அந்தப் பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்த கல்லூரிப் பையன் செய்யும் முதல் வேலை, ஃபோனைக் குறுக்குவாட்டில் பிடித்து பி.ஜி.எம்.ஐ.யைத் திறப்பதுதான். பழைய பப்ஜியின் இந்தியப் பதிப்பு அது. பக்கத்து இருக்கையில் மடியில் பையோடு உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு ஒன்று மட்டும் விளங்காது. விரல்கள் திரையைத் தேய்க்கின்றன, சரி. மணிக்கட்டு ஏன் ஓயாமல் இப்படியும் அப்படியும் திரும்புகிறது?

“ஏன் தம்பி, ஃபோன்ல தண்ணி கிண்ணி போயிடுச்சா? உதறிக்கிட்டே இருக்கியே!”

“இல்லம்மா, ஜைரோ ஆன்ல இருக்கு.”

அந்த அம்மாவுக்கு இந்தப் பதிலும் விளங்காது. ஆனால், வீடியோ கேம் உலகம் கடந்த 20 ஆண்டுகளாக அடித்துக்கொள்ளும் ஒரு பெரிய சண்டை அந்த ஒரு வரியில் இருக்கிறது. விளையாட்டை எதனால் ஆட்டுவிப்பது? பட்டனை அழுத்தியா, உடம்பை அசைத்தா?

சண்டையின் பழைய கட்சி பட்டன் கட்சி. கட்டை விரலுக்கு அடியில் ஒரு கூட்டல் குறி போல இருக்குமே, மேலே, கீழே, இடம், வலம் என்று அழுத்த... அதை 1982-ல் நிண்டெண்டோவின் கையடக்க விளையாட்டு ஒன்றில் கொண்டுவந்தவர் குன்பெய் யோக்கோய். இன்றைக்கும் அந்தக் கூட்டல் குறி இல்லாத கன்ட்ரோலரைப் பார்ப்பது அபூர்வம். நம் ஊர்களுக்கு அது ‘டிவி கேம்’ என்ற பெயரில், நிண்டெண்டோவின் நகலாக வந்து சேர்ந்தது. ஒரே கேசட்டில் லட்சக்கணக்கான விளையாட்டுகள் என்று மேலே அச்சடித்திருக்கும். உள்ளே போனால் மாரியோவும் கான்ட்ராவும் ரோட் ஃபைட்டரும்தான் திரும்பத் திரும்ப வரும்!

அந்தப் பெட்டியோடு ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கியும் வந்தது ஞாபகம் இருக்கலாம். வாத்து சுடுவதற்கு. பட்டன் தட்டாமல், கையை நீட்டிக் குறிபார்த்து விளையாடும் அனுபவம் இங்கே பல வீடுகளுக்கு முதலில் கிடைத்தது அதில்தான். அதன் சூட்சுமம் வேடிக்கையானது. துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போகாது. டிவியிலிருந்து வரும் வெளிச்சம்தான் துப்பாக்கிக்குள் போகும். விசையை இழுத்த கணத்தில் திரை ஒரு இமைப்பொழுது கறுப்பாகும். அடுத்து வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கியின் மூக்கில் இருக்கும் ஒளி உணரி அந்த வெள்ளையைப் பார்த்துவிட்டால் வாத்து காலி. குண்டு பல்பை நோக்கிச் சுட்டு ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்காகத்தான் முதலில் அந்தக் கறுப்புத் திரை.

2006-க்குப் பிறகு தமிழக அரசு கொடுத்த 14 அங்குல இலவச வண்ணத் தொலைக்காட்சி பழைய பாணிக் குழாய் டிவி. அதில் இந்தத் துப்பாக்கி வேலை செய்தது. அப்புறம் வீட்டுக்கு வந்த தட்டை டிவியில் படம் ஒரு துளி தாமதமாக வரும். அந்தத் துளித் தாமதத்தில் வெள்ளைக் கட்டத்தைத் துப்பாக்கி தவறவிட்டது. டிவி மாறிய வீடுகளில் துப்பாக்கி பரணுக்குப் போனது.

இலவச டிவி வந்த அதே 2006-ன் நவம்பரில்தான் நிண்டெண்டோ ‘வீ’ என்ற கருவியைக் களமிறக்கியது. டிவி ரிமோட் போல ஒரு குச்சி. டென்னிஸ் ஆட வேண்டுமா? அந்தக் குச்சியை மட்டை மாதிரி வீசு. பந்து உருட்ட வேண்டுமா? கையைப் பின்னால் கொண்டுபோய் முன்னால் தள்ளு. பட்டன் பெயர் தெரியாத தாத்தா பாட்டிகள் கூட ஆடினார்கள். அமெரிக்காவில் முதியோர் இல்லங்களில் பௌலிங் போட்டியே நடந்தது. மொத்தம் 10 கோடிக்கும் மேல் விற்றது. ஆட்டம் சூடு பிடித்ததில் குச்சி கையை விட்டுப் பறந்து டிவியை உடைத்த கதைகளும் வந்தன. விற்பனை தொடங்கிய அடுத்த மாதமே, மணிக்கட்டில் மாட்டும் கயிறுகள் 32 லட்சத்தைத் தடிமனாக மாற்றித் தர வேண்டியதாயிற்று.

போட்டி நிறுவனங்கள் சும்மா இருக்குமா? 2010-ல் சோனி ‘மூவ்’ கொண்டுவந்தது. மைக்ரோசாஃப்ட் ஒரு படி மேலே போய், குச்சியே வேண்டாம், கேமராவுக்கு முன்னால் நின்றாலே போதும் என்று ‘கினெக்ட்’டை இறக்கியது. 60 நாளில் 80 லட்சம் விற்று கின்னஸில் ஏறியது அது. ‘மூவ்’ குச்சிக்காகவே 2012-ல் மும்பை ட்ரைன் நிறுவனம் தெருக் கிரிக்கெட் விளையாட்டு ஒன்றைத் தயாரித்தது. நம் பையன்கள் தெருவில் சும்மா ஆடுவதை, வீட்டுக்குள் பல ஆயிரம் ரூபாய்க் கருவியை வைத்து ஆடச் சொன்னார்கள். ஐடியா மோசமில்லை. தெரு இல்லாத ஊருக்கு!

அவ்வளவு வேகமாக ஏறிய கினெக்டை 2017-ல் தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்கள். ஏன்?

முதல் காரணம், இடம். ஒருவர் ஆட கேமராவிலிருந்து ஆறடி, இருவர் ஆட எட்டடி தள்ளி நிற்கச் சொன்னது மைக்ரோசாஃப்ட். அரசின் கனவு இல்லம் திட்டத்தில் கட்டும் வீட்டின் மொத்தப் பரப்பே 360 சதுர அடி. அதில் கட்டில், பீரோ, தையல் மெஷின், நெல் மூட்டை எல்லாம் போக எட்டடி வெற்றிடம் எங்கே கிடைக்கும்? கையைத் தூக்கிக் குதித்தால் மின்விசிறி வேறு. அமெரிக்காவின் அகலமான கூடத்தை மனதில் வைத்துச் செய்த பொருள் அது.

இரண்டாவது காரணத்தைப் புரிந்துகொள்ள வெளிநாட்டு ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பொக்லைன் ஓட்டும் ஆபரேட்டரைப் பார்த்தால் போதும். சிமென்ட் ஆலைகளுக்குக் கல் போவது அந்தக் கைகள் வழியாகத்தான். அவர் முன்னால் இரண்டு ஜாய்ஸ்டிக். இடது கை வண்டியின் மேல்பாகத்தைச் சுழற்றும், நடுக்கையை நீட்டி மடக்கும். வலது கை பெரிய கையைத் தூக்கி இறக்கும், பக்கெட்டைக் கவிழ்க்கும். அவருடைய கை நகர்வது சில அங்குலம். வெளியே டன் கணக்கில் பாறை எழும்பும். ‘இனிமேல் ஜாய்ஸ்டிக் வேண்டாம், நீங்கள் கையை நீட்டினால் வண்டியும் கையை நீட்டும்’ என்று புது மாடல் வந்தால் அவர் என்ன சொல்வார்? காலையில் ஆச்சரியப்படுவார். மதியத்துக்குள் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு பழைய வண்டியைக் கேட்பார். கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டே வேலை செய்வது மனிதனால் ஆகாத காரியம். கணிப்பொறிக்காரர்கள் இந்த வலிக்கு ‘கொரில்லா கை’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. லீவரைத் தள்ளினால் அது கைக்குப் பதில் சொல்லும். எவ்வளவு தள்ளினோம் என்பது விரலுக்குத் தெரியும். காற்றில் வீசிய கைக்குப் பதில் வராது. கினெக்டில் இன்னொரு சங்கடம், நடப்பது. ஆறடி இடத்தில் நின்றுகொண்டு திரைக்குள் இருக்கும் ஆளை எப்படி அரை மைல் நடக்க வைப்பது? கட்டை விரல் அளவு குமிழ் ஒன்று அதைச் சுலபமாகச் செய்துவிடும்.

அதற்காக பட்டன் கட்சி உடம்புக்கு நல்லது என்று அர்த்தமில்லை. மருத்துவ ஏடுகள் இரு கட்சிக்கும் தலா ஒரு வியாதி கொடுத்திருக்கின்றன. பட்டனை அழுத்தி அழுத்திக் கட்டை விரலில் வலி வந்த பெண்ணைப் பற்றி 1990-ல் ஒரு டாக்டர் எழுதினார். நோயின் பெயர் ‘நிண்டெண்டினைட்டிஸ்’. 2007-ல் அதே ஏட்டில் இன்னொரு கடிதம். வீயில் மணிக்கணக்காக டென்னிஸ் ஆடித் தோள்பட்டை பிடித்துக்கொண்ட 29 வயது இளைஞரின் கதை. அதற்கு ‘வீயைட்டிஸ்’ என்று பெயர். மருந்து, ஒரு வாரம் வலி மாத்திரை, விளையாட்டுக்கு முழு ஓய்வு.

வீட்டில் இருப்பவர்களுக்கு முக்கியமான கேள்வி இதுதான்: ‘எப்படியும் கேம் ஆடத்தான் போகிறான், உடம்பை அசைத்து ஆடுவதை வாங்கிக் கொடுத்தால் கொஞ்சம் உடற்பயிற்சியாவது ஆகுமே?’ நியாயமான ஆசை. அமெரிக்காவில் 9 முதல் 12 வயதுப் பிள்ளைகளிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பாதிக்கு உடம்பை அசைக்கும் விளையாட்டுகள், மறு பாதிக்கு உட்கார்ந்து ஆடும் விளையாட்டுகள். 13 வாரம் கண்காணித்தார்கள். ‘ஆடு’ என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. 2012-ல் வந்த முடிவு பெற்றோருக்கு ஏமாற்றம்தான். இரண்டு குழுவின் மொத்த உடலசைவிலும் வித்தியாசமே இல்லை. பக்கவாதம் வந்தவர்களின் கைப்பயிற்சிக்கு வீ உதவுமா என்று நான்கு நாடுகளில் 141 பேரிடம் பார்த்த ஆய்வும் ஒன்று உண்டு. 2016-ல் வெளிவந்தது. வீ ஆடியவர்களுக்கு முன்னேற்றம் இருந்தது. சீட்டாட்டம், பந்து போன்ற சாதாரண விளையாட்டுகள் ஆடியவர்களுக்கும் அதே அளவு முன்னேற்றம் இருந்தது. பக்கவாதம் வந்த பெரியவர் இருக்கும் வீட்டில், மகன் கடன் வாங்கிக் கருவி வாங்குவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. அவர் கையில் ஒரு சீட்டுக்கட்டைக் கொடுத்து எதிரே யாராவது உட்கார்ந்தாலும் பலன் உண்டு. உட்கார ஆள் வேண்டும், அதுதான் பிரச்னை.

அப்படியானால் அசைவுக் கட்சி ஒரேயடியாகத் தோற்றுவிட்டதா? இல்லை. அது சின்னதாகிப் பிழைத்துக்கொண்டது. கையை வீசச் சொன்னது போய், மணிக்கட்டை லேசாகத் திருப்பினால் போதும் என்று இறங்கி வந்தது. நிண்டெண்டோ ஸ்விட்ச்சிலும் பிளேஸ்டேஷன் 5-ன் கன்ட்ரோலரிலும் பட்டன்களுக்கு அடியில் ஜைரோஸ்கோப் ஒளிந்திருக்கிறது. தலையில் மாட்டும் கருவிகளில் ‘பீட் சேபர்’ போல வெட்டி ஆடும் விளையாட்டுகள் கொண்டாடப்படுகின்றன. ஆனால் 2024-ல் வந்த ஆப்பிளின் தலைக்கருவியோ, கையை மடியில் வைத்தபடி இரண்டு விரலைச் சேர்த்துத் தட்டினால் போதும் என்கிறது. பொக்லைன் ஆபரேட்டர் கேட்டால் தலையாட்டுவார்.

இந்தச் சின்ன அசைவு நம் ஊருக்கு வந்தது கன்சோல் வழியாக அல்ல, ஃபோன் வழியாக. துப்பாக்கி விளையாட்டில் இடது கட்டை விரல் நடக்கும், வலது கட்டை விரல் சுடும். சுடும்போது துப்பாக்கி மேலே எகிறும். அதைக் கீழே இழுத்துப் பிடிக்க மூன்றாவது கட்டை விரல் கிடையாதே! அங்கேதான் ஜைரோ. ஃபோனை ஒரு துளி சாய்த்தால் குறி இறங்கும். அமைப்புகளில் மூன்று வாய்ப்பு இருக்கும்: எப்போதும் வேண்டும், குறிபார்க்கும்போது மட்டும் வேண்டும், வேண்டவே வேண்டாம். இதில் எது சிறந்தது என்று நண்பர்களுக்குள் நடக்கும் வாக்குவாதம் ரஜினி, கமல் வாக்குவாதத்துக்குக் குறைந்ததல்ல.

ஆனால் பல பையன்களுக்கு அந்த வாய்ப்பைக் காசுதான் தீர்மானிக்கிறது. திரையைத் திருப்பினால் படம் திரும்புவதற்கு வேறொரு உணரி போதும். அது எல்லா ஃபோனிலும் உண்டு. ஜைரோஸ்கோப் தனி. விலை குறைந்த பல மாடல்களில் அதைச் சேர்ப்பதில்லை. பெட்டியின் மேல் கேமராவின் மெகாபிக்சல் பெரிதாக இருக்கும், இது இருக்காது. சோளம் போட்டு, பருத்தி போட்டு வந்த காசில் அப்பா வாங்கிக் கொடுத்த ஃபோனில் ஜைரோ இல்லை என்பது மகனுக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். அவன் அப்பாவிடம் சொல்ல மாட்டான். நான்கு விரலால் ஆடப் பழகிக்கொள்வான். பழைய ஃபோன் வாங்குகிறவர்கள் கடையிலேயே உணரிகளைக் காட்டும் இலவசச் செயலி ஒன்றைப் போட்டுப் பார்த்துவிடலாம். இரண்டு நிமிட வேலை.

மீண்டும் அந்தப் பேருந்துக்கு வருவோம். ஜைரோவுக்கு ஒரு குறை உண்டு. திரும்பியது பையனின் மணிக்கட்டா, பேருந்தா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. டிரைவர் வளைவில் ஸ்டீயரிங்கை ஒடித்தால் திரைக்குள் குறியும் சேர்ந்து ஒடிகிறது. எதிரி தப்பித்துவிடுகிறான். பையன் உச்சுக்கொட்டிவிட்டு அமைப்புகளுக்குள் போய் ஜைரோவை அணைக்கிறான். வேகத்தடையில் பேருந்து தூக்கிப் போடுகிறது. இப்போது கட்டை விரலும் தப்பான இடத்தில் விழுகிறது.

“அத உள்ளதான் வையேன் தம்பி, ஸ்டேஷன் வரப்போவுது” என்கிறார் பக்கத்து இருக்கை அம்மா.