கண்டவர் சொல்லக் கதவு திறவாத சட்டம்

2018 பிப்ரவரி 14ஆம் நாள், அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், பார்க்லேண்ட் உயர்நிலைப் பள்ளியில் முன்னாள் மாணவன் ஒருவன் 17 பேரைச் சுட்டுக் கொன்றான். அவனைப் பற்றிய எச்சரிக்கைகள் முன்பே காவலர்களை எட்டியிருந்தன. மறுமாதமே அம்மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. பிறருக்கோ தமக்கோ தீங்கு செய்யக்கூடியவரின் துப்பாக்கிகளை நீதிமன்ற ஆணையால் ஓராண்டு வரை விலக்கி வைக்கலாம். நல்ல சட்டம்தான். ஆனால், அவ்வாணையைக் கோரும் உரிமை காவல்துறைக்கு மட்டுமே!

இதைத்தான் நான் மறுக்கிறேன். ஒரு பிள்ளையின் மனமாற்றத்தை முதலில் காண்பவர் பெற்றோரும் ஆசிரியரும் அல்லவா? எச்சரித்தும் அசையாதவர்களின் வாசலிலேயே மீண்டும் போய் நிற்கச் சொல்வது என்ன நியாயம்? நியூயார்க் 2019இல் குடும்பத்தார்க்கும் பள்ளி நிருவாகிகளுக்கும் இவ்வுரிமையை வழங்கியது. கலிபோர்னியா 2020இல் ஆசிரியர்களையும் சேர்த்துக்கொண்டது.

"பொய்ப்புகார்கள் பெருகாவா?" என்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கும் புளோரிடா சட்டத்திலேயே காப்பு உண்டு. முதலில் கிடைப்பது இடைக்கால ஆணையே. 14 நாள்களுக்குள் எதிர்த்தரப்பின் வாதத்தையும் கேட்டு, தெளிவான சான்று இருந்தால் மட்டுமே நீதிபதி நீண்ட ஆணை பிறப்பிப்பார். மனு கொடுப்பவர் யாராயினும் முடிவெடுப்பவர் நீதிபதியே. பிறகு ஏன் அச்சம்?

துயரம் நிகழ்ந்தபின், "ஆசிரியருக்குத் தெரியாதா?" எனக் கேட்கும் சமுதாயம், நிகழுமுன் அவர் சொல்வதற்கு ஒரு வழியைத் திறந்து வைக்கட்டும்.