சுறா தண்ணீரிலேயே இருக்கட்டும்

ஜனவரி பிறந்ததும் ஃபுளோரிடாவின் பாம் பீச் கரையோரம் சுறாக்கள் வந்துவிடும். வடக்கே கடல் குளிர்ந்துபோவதால், துடுப்பு நுனி கறுத்த கருநுனிச் சுறாக்கள் ஆயிரக்கணக்கில் தெற்கே இறங்கி, குளிப்பவர்கள் நிற்கும் ஆழத்துக்குச் சற்றே அப்பால் கூட்டம் கூட்டமாகத் திரியும். ஃபுளோரிடா அட்லாண்டிக் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் கஜியூரா சிறு விமானத்தில் பறந்து இவற்றைப் பல ஆண்டுகளாகக் கணக்கெடுத்தவர். கரையில் நிற்கும் எங்களுக்கு விமானம் தேவையில்லை. சிறு மீன்களைக் கீழிருந்து துரத்தி வரும் வேகத்தில் சுறா தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழும்பும். காற்றில் சுழன்று, விலாப்புறமாக விழும். தண்ணீருக்கு மேலே சுறாவைப் பார்க்க ஆசைப்படுகிறவர் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

நானும் இந்தக் கரையில் தூண்டில் போடுகிறவன். குமரி மாவட்டக் கடற்கரையில் பிறந்தவன். தூத்தூர் பக்கத்து ஆட்கள் சுறா தேடி ஆழ்கடலுக்குப் போவதைப் பார்த்து வளர்ந்தவன். மீன் பிடிப்பதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. சட்டப்படி பிடித்ததைச் சமைத்துத் தின்கிறவரோடும் எனக்கு வழக்கில்லை. திரும்ப விட்டுவிடப் போகிற சுறாவை மணலில் இழுத்துப் போட்டு, அதன் முதுகில் கால் போட்டு உட்கார்ந்து படம் எடுக்கிறவர்களோடுதான் என் வழக்கு.

பெரும்பாலும் இரவில் நடக்கும் காரியம் இது. பெரிய மீன் துண்டை முள்ளில் கோத்து, சிறு துடுப்புப் படகில் வெகுதூரம் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருவார்கள். சுறா மாட்டியதும் ஒருவர் தூண்டில் நரம்பைச் சுற்றிச் சுற்றி இழுக்க, இன்னொருவர் இடுப்பளவு நீரில் இறங்கி வாலில் கயிறு போடுவார். பிறகு நாலு பேர் சேர்ந்து, அலை எட்டாத இடம்வரை இழுப்பார்கள். முள்ளைக் கழற்றச் சிறிது நேரம், அளக்கச் சிறிது நேரம், படத்துக்கு அதைவிட அதிக நேரம். கடைசியில் தள்ளிவிடுவார்கள். சுறா வாலசைத்துப் போனதும் கைதட்டுவார்கள்.

வாலசைத்துப் போனதெல்லாம் பிழைத்துவிடுவதில்லை. சுறாவுக்கு எலும்பு கிடையாது, எல்லாம் குருத்தெலும்பு. உள்ளுறுப்புகளைக் காக்க நம்முடையதைப் போன்ற விலாக்கூடும் இல்லை. அத்தனை எடையையும் தாங்கியிருந்தது தண்ணீர்தான். மணலில் கிடத்தினால் அதன் பாரமே அதன் ஈரலையும் குடலையும் நசுக்கும். செவுள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சுத்தியல் தலை கொண்ட பெரிய கொம்பன் சுறாவின் நிலை இன்னும் மோசம். ஓயாமல் நீந்தினால்தான் அதற்கு மூச்சு. கருநுனிச் சுறாக்களைத் தின்ன அவற்றின் பின்னாலேயே கரைக்கு வந்து, இந்த முட்களில் மாட்டுவதும் அதுதான். மயாமி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஆய்வில் ஐந்து வகைச் சுறாக்களைப் பிடித்து ரத்தத்தைச் சோதித்தார்கள். புலிச்சுறா நன்றாகத் தாங்கியது. கொம்பன்தான் எல்லாவற்றையும்விட அதிகம் துவண்டது. 2017-ல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், ஃபுளோரிடாவில் பொழுதுபோக்காகத் தூண்டிலில் பிடித்த 31 கருநுனிச் சுறாக்களின் உடலில் கருவி பொருத்தி விட்டார்கள். ஏறத்தாழ பத்தில் ஒன்று செத்தது. செத்தவை எல்லாமே இரண்டு மணி நேரத்துக்குள்.

2006 மே மாதம் போகா கிராண்டில் ஒருவர் 580 கிலோ எடையுள்ள கொம்பன் சுறாவைப் பிடித்து உலக சாதனை படைத்தார். எடை போட வேண்டுமே, அதனால் அது கரைக்கு வந்தது. சரசோட்டாவின் மோட் கடல் ஆய்வகத்தில் அறுத்துப் பார்த்தபோது வயிற்றில் 55 குட்டிகள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே ஈனும் இனம் அது. இன்று உலக அளவில் அழிவின் விளிம்பில் நிற்கும் பட்டியலில் இருக்கிறது. இந்த ஒரு கணக்கு போதும், எனக்குத் தூக்கம் போக.

ஃபுளோரிடா அரசு சும்மா இருக்கவில்லை. கொம்பனையும் புலிச்சுறாவையும் வைத்துக்கொள்வதற்கு 2012-லேயே தடை போட்டது. 2019 ஜூலை முதல், கரையிலிருந்து சுறா பிடிக்கத் தனி அனுமதி வாங்க வேண்டும். இலவசம்தான், ஆனால் பாடம் படித்துத் தேற வேண்டும். துருப்பிடித்து உதிரும் வட்ட முள் கட்டாயம். நரம்பையோ முள்ளையோ வெட்டும் கருவி கையில் இருக்க வேண்டும். தடை செய்யப்பட்ட இனம் மாட்டினால் செவுள் நீருக்குள் இருக்கும்படியே விட்டுவிட வேண்டும். நல்ல விதிகள், மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் கடைசி விதியில் ஓட்டை இருக்கிறது. அது தடைப்பட்டியலில் உள்ள இனங்களுக்கு மட்டும். பட்டியலிலோ இருபதுக்கும் மேற்பட்ட பெயர்கள். முதுகின் இரண்டு துடுப்புகளுக்கு நடுவே மெல்லிய வரம்பு ஓடுகிறதா என்று பார்த்துத்தான் தடையுள்ள சில இனங்களைத் தடையில்லாத காளைச்சுறாவிலிருந்து பிரித்தறிய முடியும். நள்ளிரவில், அலை நுரைக்குள், துள்ளுகிற உடம்பில் யார் அதைத் தடவிப் பார்ப்பது? ‘முதலில் மேலே இழு, பிறகு பார்க்கலாம்’ என்பதே நடைமுறையாகிவிடுகிறது. பார்த்து முடிப்பதற்குள் கெடுதல் நடந்துவிடுகிறது.

முள்ளைக் கழற்ற மணல் வேண்டும் என்கிறார்கள். வேண்டாம். நரம்பை முள்ளுக்கு அருகிலேயே வெட்டிவிட்டால் முள் துருவேறி உதிரும்; வெட்டும் கருவியைச் சட்டம் கட்டாயமாக்கியது அதற்காகத்தான். விஞ்ஞானிகளுக்கு உதவுகிறோம் என்பவர்களின் வாதத்துக்கு மதிப்பு உண்டு. 1962-ல் தொடங்கிய கூட்டுச் சுறா அடையாளத் திட்டத்தில் தூண்டில்காரர்கள் கட்டிவிட்ட அட்டைகளால்தான் சுறாக்கள் எங்கிருந்து எங்கே போகின்றன என்பதில் பெரும்பகுதி தெரிந்தது. அந்த அட்டையை முழங்கால் நீரில் நின்றே கட்டலாம்.

விதிகளை வகுக்கும் மாநில ஆணையம் பொதுக்கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் எழுந்து பேச இடம் தருகிறது. அங்கே நான் கேட்கப்போவது இதைத்தான்: பட்டியல் எதுவும் பார்க்க வேண்டாம். திரும்ப விடப்போகிற எந்தச் சுறாவின் செவுளும் தண்ணீரை விட்டு வெளியே வரக் கூடாது. படம் வேண்டுமென்கிறவர் தண்ணீரில் இறங்கி எடுத்துக்கொள்ளட்டும்.